சித்தூர்ச் சீமையில் கலைந்த படைகள்

காட்பாடியில் இரயிலேறிச் சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் சென்றவர்கள் நம்மில் பலர். வேங்கடவன் திருவடியை நினைந்த நெஞ்சத்தோடு செல்லும் நாம், வழியிலுள்ள குன்றுகளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற பாறைகள், அவற்றின் இடுக்கில் முட்புதர், அடிவாரத்தில் ஓர் ஏரி, ஏரிக்கரையில் புளியமரம், அப்பால் மாந்தோப்பு. இவையே அந்தப் பாதையின் காட்சி. இந்தக் குன்றுகளுக்கு இடையேதான் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு சிறிதும் பெரிதுமாகப் பல பாளையப்பட்டுகள் இருந்தன. ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு மண்கோட்டை. கோட்டையைச் சுற்றி ஆள் நுழைய முடியாத முட்காடு. உள்ளே ஈட்டியும் வாளும் வெடித்துப்பாக்கியும் ஏந்திய சேவகர்கள். இன்று அந்த மண்கோட்டைகள் பெரும்பாலும் மேடாகிப் போயின, முட்காடு விளைநிலமாயிற்று. ஆயின் அந்தச் சேவகர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

படையெடுப்புகளைப் பற்றியும் வெற்றி தோல்விகளைப் பற்றியும் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. போர் முடிந்த மறுநாள் போர்வீரன் என்ன செய்தான் என்பதைப் பற்றி அவை ஓரிரு வரியோடு நிறுத்திக் கொள்கின்றன. அவனுக்குக் கூலி கொடுத்த தலைவன் வீழ்ந்தான். அவன் கற்ற தொழிலுக்கு இனி வேலையில்லை. கையில் ஆயுதம் இருக்கிறது. வீட்டில் பசி இருக்கிறது. இந்த நிலையில் அவனை என்ன செய்வது என்பது, போரை வென்ற எந்த அரசுக்கும் போரைவிடக் கடினமான கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது.

இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் கடல்களுக்கு அப்பால் உண்டு. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கில மன்னரை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்றன. 1783-ஆம் ஆண்டில் சமாதானம் ஏற்பட்டது. அந்தப் போரில் மன்னர் பக்கம் நின்ற குடிமக்களும், மன்னருக்காகப் போரிட்டுக் கலைக்கப்பட்ட சிப்பாய்களும் புதிய நாட்டில் வாழ இயலாதவர்களாயினர். அவர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி, வடக்கே நோவா ஸ்கோஷியா என்னும் கடற்கரைக் குடியேற்றத்தில் இறக்கினார்கள். குளிர்மிகுந்த காடு, பாறை நிறைந்த கரை. 1784-ஆம் ஆண்டுக் கோடையில் அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று, வந்தவர்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணினார்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, குழந்தை எத்தனை, பணியாள் எத்தனை என்று பட்டியல் தயாராயிற்று. இராபர்ட் மோர்ஸ் என்னும் பொறியியல் கர்னல் அளித்த கணக்கின்படி அவர்களின் தொகை 28,347.

எதற்காக இந்தக் கணக்கு? அரசாங்க உணவுப் படி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பதற்காக. பட்டியலில் பெயர் இருந்தால் மாவும் இறைச்சியும் கிடைக்கும், நிலமும் கிடைக்கும். சாதாரணச் சிப்பாய்க்கு 100 ஏக்கர், அவனுக்கு மேற்பட்ட சிறு அதிகாரிக்கு 200 ஏக்கர் என்று முறை வகுத்திருந்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குக் காடும் கடலுமே கதி. ஒரு மனிதனின் வாழ்வு ஓர் எழுத்தனின் பேனா முனையில் தொங்கிய காலம் அது.

இந்தக் கதையை எதற்காகச் சித்தூர்ச் சீமையின் கதையோடு சேர்த்துச் சொல்கிறோம் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அமெரிக்கப் போரில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயருக்கு எதிராகச் சேர்ந்தபோது, அந்தப் போரின் தீ நம் நாட்டுக்கும் பரவியது. மைசூரின் ஐதர் அலி 1780-இல் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். ஆர்க்காடு வீழ்ந்தது. சோளிங்கபுரத்தில் 1781 செப்டம்பர் 27-இல் பெரும் போர் நடந்தது. ஆக, அமெரிக்கக் காட்டில் சிப்பாய் சண்டையிட்ட அதே ஆண்டுகளில், பாலாற்றங்கரையிலும் பொன்னை ஆற்றங்கரையிலும் நம்மவர்கள் இரு பக்கமும் நின்று சண்டையிட்டார்கள். அங்கே பட்டியல் எடுத்த 1784-ஆம் ஆண்டிலேதான் இங்கே மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்டுப் போர் ஓய்ந்தது.

அந்தப் போரின் நடுவே சித்தூருக்கு அருகில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. 1782 டிசம்பர் 7-இல், சித்தூரை அடுத்த நரசிங்கராயனிப்பேட்டைப் பாசறையில் ஐதர் அலி நோயினால் உயிர் துறந்தார். மகன் திப்பு அப்பொழுது மேற்குக் கடற்கரையில் இருந்தார். தலைவர் இறந்த செய்தி பரவினால் படை கலைந்து விடும் என்று அமைச்சர்கள் அஞ்சினார்கள். ஆகவே செய்தியை மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்து, பொக்கிஷம் அனுப்புவதுபோலக் காவலுடன் கோலாருக்கு அனுப்பினார்கள். பாசறையில் அன்றாட அலுவல்கள் யாவும் வழக்கம்போல் நடந்தன. திப்பு வந்து சேரும்வரை படை குலையவில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களில் ஒருவர் பூர்ணையா. கூலி கொடுப்பவன் இல்லாத படை என்ன ஆகும் என்பதைச் சித்தூர்ப் பாசறையில் நேரில் உணர்ந்த இந்த மனிதரை நாம் பின்னர் ஒருமுறை சந்திக்கப் போகிறோம்.

இனிப் பாளையப்பட்டுகளுக்கு வருவோம். விசயநகரப் பேரரசின் கடைசித் தலைநகரங்களில் சந்திரகிரியும் ஒன்று. அப்பேரரசின் காலத்திலும், அது தளர்ந்த பின்னரும், மலைக் கணவாய்களையும் காட்டு வழிகளையும் காக்கும் பொறுப்பு அங்கங்கே தலைவர்களிடம் விடப்பட்டது. அவர்களே பாளையக்காரர்கள். வெங்கடகிரி, காளத்தி, கார்வேட்டிநகரம் ஆகியவை பெரிய பாளையங்கள். கார்வேட்டிநகரத்தைப் பொம்மராசபாளையம் என்றும் சொல்வார்கள். சித்தூரை ஒட்டி நரகண்டி, கல்லூர், புலிச்செர்ல, பங்காரி முதலிய சிறு பாளையங்கள் இருந்தன. தென்மேற்கே குப்பத்தைச் சுற்றிக் காங்குந்தி, வடமேற்கே புங்கனூர். இன்று நம் சென்னை மாநகரம் நிற்கும் மணல்மேட்டை 1639-இல் கும்பினியாருக்கு அளித்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரும், காளத்திப் பாளையத்தை ஆண்ட தாமர்ல மரபைச் சேர்ந்தவரே என்பதை இங்கே நினைவுகூரலாம்.

பாளையத்துச் சேவகன் மாதச் சம்பளக்காரன் அல்லன். அவனுக்குக் கொஞ்சம் நிலம் விடப்பட்டிருக்கும். அதற்கு முழுத்தீர்வை கிடையாது. மிகச் சிறிய தொகை ஒன்றை மட்டும் செலுத்தினால் போதும். அதைக் கட்டுபடி என்பார்கள். அந்தச் சலுகைக்கு ஈடாக, தலைவன் கொம்பூதி அழைக்கும்போது அவன் ஆயுதத்தோடு வந்து நிற்கவேண்டும். அதனால் அவனுக்கே கட்டுபடிச் சேவகன் என்ற பெயர் ஏற்பட்டது. மழை பெய்தால் ஏர் பிடிப்பான். அழைப்பு வந்தால் ஈட்டி பிடிப்பான். ஊர்க்காவலும் அவனுடையதே. களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும். முடியாவிட்டால் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது பழைய காவல் முறையின் விதி. அதற்காக ஊரார் அறுவடையில் ஒரு பங்கைக் காவல் மேரையாக அளந்து கொடுத்தார்கள். திருப்பதிக்குச் செல்லும் யாத்திரிகர்களின் பாதைகளிலும் இத்தகைய காவல் இருந்தது.

இதை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. காப்பவனே சில வேளை கொள்ளையடித்தான். அண்டைப் பாளையத்தோடு ஓயாத பூசல். இடையில் அகப்பட்ட குடியானவன் இருவருக்கும் நெல் அளந்தான். ஆயினும் அந்த ஏற்பாட்டில் சேவகனுக்கு ஓர் இடம் இருந்தது. அவன் பெயர் அவனுடைய தலைவனுக்குத் தெரியும். அவன் நிலத்தின் எல்லை ஊராருக்குத் தெரியும். காகிதத்தில் எழுதப்படாத உரிமை அது. எழுதப்படாத உரிமைக்கு என்ன நேரும் என்பதுதான் அடுத்த அத்தியாயம்.

1792-இல் ஆர்க்காட்டு நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் வசூலிக்கும் அதிகாரம் கும்பினியார் கைக்கு வந்தது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். 1800-இல் கடப்பை, பல்லாரிச் சீமைகளை நிஜாம் விட்டுக்கொடுத்தார். இன்றைய மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டாரம் அன்று அந்தக் கடப்பைச் சீமையில் அடங்கியிருந்தது. 1801 ஜூலை 31-இல் கர்நாடக நாடு முழுவதும் கும்பினி ஆட்சிக்கு உட்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் தென்னாட்டில் கும்பினியை எதிர்க்கத்தக்க பேரரசு ஒன்றுமே இல்லாமற் போயிற்று.

எதிரி இல்லாதபோது பாளையப் படை எதற்கு? கும்பினியாரின் எண்ணம் இதுவே. அதே ஆண்டில் தெற்கே பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டன. 1801 டிசம்பர் முதல் தேதி சென்னைக் கவர்னர் வெளியிட்ட பிரகடனம், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. அந்தப் புயலின் காற்று வடக்கே சித்தூர்ச் சீமையையும் எட்டியது.

வட ஆர்க்காட்டுச் சீமைக்கு வந்த கலெக்டர் ஜார்ஜ் ஸ்டிராட்டன் என்பவர். அவர் எடுத்த நடவடிக்கைகள் இரண்டு பாதையாகப் பிரிந்தன. முதற் பாதை சமாதானப் பாதை. வெங்கடகிரி, காளத்தி, பொம்மராசபாளையம், சைதாபுரம் ஆகிய நான்கு பெரிய மேற்குப் பாளையங்களோடு 1802-இல் நிரந்தர ஏற்பாடு செய்யப்பட்டது. அதுவரை அவர்கள் படையும் கொடுத்து, பேஷ்குஷும் கட்டி வந்தார்கள். இனிப் படை தரவேண்டியதில்லை; அதற்குப் பதிலாகப் பணமாகக் கட்டினால் போதும் என்றாயிற்று. நேற்றுவரை பாளையக்காரராக இருந்தவர்கள் இன்று சன்னது பெற்ற ஜமீன்தார்களானார்கள். கும்பினியோடு இணங்கி நின்றதற்கு இது அவர்கள் பெற்ற பயன்.

தலைவருக்குப் பட்டம் கிடைத்தது சரி. அவருக்குப் பின்னால் ஈட்டியோடு நின்றவனுக்கு என்ன கிடைத்தது? சன்னதில் அவன் பெயர் இல்லை. படைச் சேவை பணமாக மாறியபோது, அந்தப் பணத்தைத் தேடவேண்டிய ஜமீன்தாருக்குத் தீர்வை குறைந்த சேவக நிலம் ஒரு பாரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. நேற்று அரணாக இருந்த ஆள் இன்று கணக்கில் நட்டமாக ஆனான்.

இரண்டாம் பாதை மோதற் பாதை. சித்தூரைச் சுற்றிய சிறு பாளையங்களில் பேஷ்குஷ் தகராறும் காவல் வருமானத் தகராறும் முற்றின. 1804-இல் கலகம் மூண்டது. பாளையக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் காட்டில் புகுந்து கொண்டார்கள். கும்பினிப் படை அனுப்பப்பட்டது. காட்டை வெட்டி வழியமைத்துக் கோட்டைகளைப் பிடித்தது. பாளையங்கள் கைப்பற்றப்பட்டன. பின்னர்ச் சில பாளையங்கள் பழைய குடும்பத்தாரிடமே திரும்பி வந்தன. ஆனால் படை திரும்பி வரவில்லை. காங்குந்தியும் புங்கனூரும் ஜமீன்களாகவே நிலைத்தன.

இதே காலத்தில் வடக்கே கடப்பைச் சீமையில் வேறொரு மனிதர் இதே சிக்கலை வேறு வகையில் அவிழ்க்க முயன்றார். அவர் தாமஸ் மன்றோ. 1780 ஜனவரியில் ஓர் இளம் படைப்பயிற்சி மாணவராகச் சென்னையில் வந்திறங்கி, ஐதர் அலியோடு நடந்த போரிலேயே தொழில் கற்றவர். 1800 முதல் 1807 வரை நிஜாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களுக்குத் தலைமைக் கலெக்டராக இருந்தார். அவர் வந்தபோது அங்கே ஏறக்குறைய 80 பாளையக்காரர்கள். அவர்களிடம் ஆயுதம் தாங்கியவர்கள் சுமார் 30,000 பேர். நோவா ஸ்கோஷியாவில் எண்ணப்பட்ட அத்தனை பேருடைய தொகையைவிட இது சற்றே அதிகம் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். அங்கே பெண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்கு. இங்கே ஆயுதம் தாங்கியவர் மட்டும்.

மன்றோ செய்தது என்ன? பாளையக்காரர் செலுத்தவேண்டிய தொகையை உயர்த்தினார். மிச்சமாகும் வருமானத்தில் குடும்பம் நடத்தலாம், படை நடத்த முடியாது என்ற அளவில் அதை நிறுத்தினார். ஏற்க மறுத்தவர்களைச் சேனாபதி டுகால்டு காம்பெல்லின் படை வெளியேற்றியது. சிலருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து ஒதுக்கினார்கள். இந்தக் கடுமையைக் கும்பினியின் இலண்டன் இயக்குநர்களே கண்டித்து எழுதினார்கள். மன்றோ தம் செயலை விடாமல் நியாயப்படுத்தினார். சேவகர்களைப் பொறுத்தவரை அவர் நோக்கம் தெளிவானது. வாளை நம்பி வாழ்ந்தவனை நிலத்தை நம்பி வாழ்பவனாக மாற்றவேண்டும். நிலத்தை வயல் வயலாக அளந்து, பயிரிடுகிறவன் பெயரிலேயே பதிந்து தீர்வை கட்டும் இரயத்துவாரி முறைக்கு அவர் அந்தச் சீமையில் அடிகோலினார். தரிசு நிலத்துக்கு உழவன் தேவை. வேலையிழந்த சேவகனுக்கு நிலம் தேவை. இரண்டையும் சேர்த்து வைத்தால் அமைதி தானே வரும் என்பது அவர் கணக்கு.

கணக்கு எல்லா இடத்திலும் பலித்தது என்று சொல்ல முடியாது. ஏர் பிடிக்க மாடு வேண்டும், விதை வேண்டும், முதல் விளைச்சல் வரும்வரை உண்ண உணவு வேண்டும். நோவா ஸ்கோஷியாவில் மூன்றாண்டுக் காலம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே அரசாங்கம் உணவு அளித்தது. இங்கே அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை. வானம் பார்த்த பூமி. மழை தவறினால் மறுபடியும் காடுதான் புகலிடம். இப்படிக் காட்டுக்குள் போனவனுக்குக் கலெக்டரின் கணக்குப் புத்தகம் கொள்ளைக்காரன் என்று பெயர் வைத்தது. முந்தின ஆண்டு அவனையே காவற்காரன் என்று ஊர் அழைத்தது.

இங்கே பூர்ணையாவை மீண்டும் சந்திப்போம். திப்பு சுல்தான் மாண்ட பின்னர், மைசூரின் இளம் அரசருக்குத் திவானாக அமைந்தவர் அவரே. நாடு முழுவதும் வேலையிழந்த போர்வீரர்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு சித்தூர்ப் பாசறையில் படை கலையாமல் காத்தவருக்கு, கலைந்த படையின் ஆபத்து நன்றாகத் தெரியும். அவர் கந்தாசாரம் என்னும் பழைய ஊர்ப்படை முறையை விடாமல் வைத்துக்கொண்டார். சுமார் 20,000 பேர் அதில் இடம் பெற்றார்கள். சொந்த ஊரிலேயே இருந்து, ஓரளவு நிலமும் ஓரளவு பணமும் பெற்று, காவல் வேலையும் அரசாங்க ஏவல் வேலையும் பார்த்தார்கள். அவர்களால் பெரிய போர் நடத்த முடியாது. ஆனால் பசியோடும் ஆயுதத்தோடும் அலையும் மனிதர்கள் அந்த நாட்டில் குறைந்தார்கள். ஒரே மலைத்தொடரின் இந்தப் பக்கம் கலகம். அந்தப் பக்கம் அமைதி. வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் இதுவும் ஒன்று என்று நாம் கருதுகிறோம்.

படையைக் கலைத்தவர்களே அந்த ஆட்களைத் தம் படையில் சேர்த்ததும் உண்டு. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுச்சி செய்தார்கள். சித்தூரிலிருந்து வேலூர் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அந்தக் கோட்டையில் அன்றிருந்த படைப்பகுதிகளில் ஒன்று திருநெல்வேலிச் சீமையில் புதிதாகத் திரட்டப்பட்டது. பாளையக்காரர்களிடம் முன்பு சேவகம் செய்தவர்கள் அதில் இருந்தார்கள். சீருடையை மாற்றினால் மனமும் மாறிவிடும் என்று எண்ணியவர்களுக்கு அந்த ஓர் இரவு பாடம் புகட்டியது.

பின்னர்க் கதை மெல்ல நகர்கிறது. 1816-ஆம் ஆண்டின் சட்டம் ஊர்க்காவலை ஊர்த்தலைவரிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்தது. பழைய காவற்காரரின் வழித்தோன்றல்களில் சிலர் இவ்வாறு மீண்டும் காவலுக்கே வந்தார்கள். 1859-இல் போலீசுச் சட்டம் வந்து, சம்பளம் பெறும் போலீசு இலாகா ஏற்பட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. பரம்பரையாகச் சேவைக்கு விடப்பட்டிருந்த நிலங்களை அது ஒவ்வொன்றாக விசாரித்தது. இனிச் சேவை வேண்டாம். சிறு தீர்வை கட்டினால் நிலம் உனக்கே சொந்தம் என்று பட்டா வழங்கியது. பாட்டன் கொம்பொலி கேட்டு ஓடிய உரிமைக்குப் பேரன் காகிதம் பெற்றான். எந்த ஆவணமும் காட்ட இயலாதவன், ஊராரின் வாய்ச்சாட்சியை நம்பினான். 1948-இன் சட்டத்தால் ஜமீன்களும் ஒழிந்தன. சன்னது பெற்ற தலைவர் குடும்பமும், சன்னதில் பெயரில்லாத சேவகர் குடும்பமும் பட்டாப் புத்தகத்தில் அடுத்தடுத்த எண்களாக நிற்கும் காலம் வந்தது.

நோவா ஸ்கோஷியாவின் கதையில் நாம் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. மன்னர் பக்கம் நின்றவர்களில் ஆப்பிரிக்கக் கறுப்பு மக்களும் இருந்தார்கள். ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தால் அடிமைத்தளை நீங்கும் என்ற வாக்குறுதியை நம்பி வந்தவர்கள். 1783-இல் நியூயார்க் துறைமுகத்தில் அவர்களில் சுமார் 3,000 பேருடைய பெயர்களை ஒரு புத்தகத்தில் எழுதினார்கள். அந்தப் புத்தகத்தில் பெயர் வந்தால் விடுதலை. ஆனால் நோவா ஸ்கோஷியாவில் இறங்கிய பின்னர் நிலம் அவர்களுக்குக் கடைசியாகவே வந்தது. பலருக்கு வரவே இல்லை. கிடைத்ததும் பாறை நிலம். 1784 ஜூலையில், வேலையின்றி இருந்த வெள்ளைச் சிப்பாய்கள், குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்று சினந்து ஷெல்பர்ன் நகரில் அவர்களுடைய வீடுகளை இடித்தார்கள். 1792-இல் ஏறக்குறைய 1,200 பேர் மறுபடியும் கப்பலேறி ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்றார்கள். பட்டியலில் பெயர் இருப்பது முதற்படி. அந்தப் பெயருக்கு உரியதைக் கொடுப்பது இரண்டாம் படி. முதற்படியோடு நின்றுவிட்டால் பட்டியல் வெறும் மைக்கறை.

சித்தூர்ச் சீமையில் நடந்தது இதற்கு நேர்மாறு. இங்கே முதற்படியே இல்லை. அங்கே பட்டியல் எடுத்தவர்கள், யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று கேட்டார்கள். இங்கே எண்ணியவர்கள், யாரிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கவேண்டும் என்று கேட்டார்கள். 30,000 என்ற தொகை நமக்குக் கிடைக்கிறது. அந்த 30,000 பேரின் பெயர்கள் கிடைப்பதில்லை.

நேயர்களே, தாய்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்தக் கதை தொலைவிலுள்ள கதையன்று. 1806-இல் செகந்திராபாத்திலும் 1809-இல் பெங்களூரிலும் கும்பினியார் தண்டுகளை அமைத்தபோது, சென்னைப் படையோடு சென்ற தமிழர் பலர். சிப்பாயாகச் சென்றவர், கணக்கராகச் சென்றவர், சமையற்காரராகவும் வண்டிக்காரராகவும் கொத்தராகவும் சென்றவர் என்று பல திறத்தினர். படை இடம் மாறிற்று. அவர்களில் பலர் அங்கேயே தங்கினார்கள். பெங்களூர்த் தண்டின் தமிழ்த் தெருக்கள் அப்படித் தோன்றியவை. ஆகவே, நம்மில் சிலருடைய முன்னோர் படையோடு போனவர்கள். வேறு சிலருடைய முன்னோர் படை கலைந்ததால் போனவர்கள். எந்த வழியில் போயிருந்தாலும், புதிய ஊரில் தம் பெயரை ஓர் ஏட்டில் ஏற்றிக்கொள்வதற்கு அவர்கள் பட்ட பாடு ஒன்றுதான்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழருக்கோ மற்றோர் அனுபவமும் உண்டு. அவர்கள் எங்கும் செல்லவில்லை. எல்லைக்கோடு அவர்களைத் தாண்டிச் சென்றது. 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். அவ்வாண்டில் கடப்பையிலிருந்து மதனப்பள்ளியும் வாயல்பாடும் வந்து சேர, சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் முதல் தேதி அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஒவ்வொரு முறையும் பதிவேடுகள் மாறின. அலுவலக மொழி மாறியது. பழைய பத்திரத்தைப் புதிய மொழியில் படித்துக் காட்டவேண்டி வந்தது. பாளையத்துச் சேவகனின் எழுதப்படாத உரிமை போன வழியை நாம் மறவாதிருந்தால், பாட்டனார் பெட்டியில் கிடக்கும் பழைய பட்டாவையும், படைவிலகல் சான்றையும், பிறப்புப் பதிவையும் செல்லரிக்க விடமாட்டோம். அயல் மாநிலத்தில் வாழ்பவன் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைத் தேடிப் பார்ப்பதும், பங்கீட்டு அட்டையில் பெயர் சேர்ப்பதும் சில்லறை அலுவல்கள் அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு 30,000 பேருக்குக் கிட்டாத வாய்ப்பு அது.

அரசாங்கங்களுக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. ஒரு தொழில் ஒழிகிறபோது, அந்தத் தொழிலை நம்பிய மனிதன் ஒழிந்துவிடுவதில்லை. போர்த்தொழிலுக்குச் சொன்னது நெசவாலைக்கும் பொருந்தும், சுரங்கத்துக்கும் பொருந்தும். கோலார்த் தங்கவயலில் 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்கள் கேட்டதும் இதே கேள்விதான்: எங்கள் கைகளுக்கு இனி என்ன வேலை?

அடுத்த முறை திருப்பதிக்குச் செல்லும்போது, பாகாலாவைத் தாண்டியதும் சாளரத்தின் வழியே சற்று நோக்குங்கள். ஏரிக்கரையின் கீழே பச்சைப் பசேலென்று ஒரு நெல்வயல் தெரியும். அந்த வயலை முதன்முதலில் உழுதவன் ஒருவேளை முந்தின ஆண்டுவரை ஈட்டி பிடித்தவனாக இருக்கலாம். காய்த்துப்போன கையால் கலப்பையைப் பற்றி, மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்து நின்றவன். எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. அவன் திருத்திய நிலம் மட்டும் இன்றும் விளைகிறது. மலையேறி வேங்கடவனை வணங்கும் நம் நெஞ்சில் அவனுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.